வாயைத் திறக்கக் கூடாத வகுப்பு

ஜூன் 18, செவ்வாய்

இன்று முதல் நான் வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாதாம். டீச்சருக்குச் சம்பளமே வாயைத் திறப்பதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியைத் தொடங்கியவரின் மருமகள் மதுவந்தி மேடம் இந்த வருஷம் பொறுப்புக்கு வந்திருக்கிறார். பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தவர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவை எடுத்து, அதில் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்ளும் முறையைப் பரிசோதிக்கப் போகிறாராம். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பாடத்தைப் படிப்பார்கள். புரியாததைக் கரும்பலகையில் எழுதுவார்கள். தேடுவார்கள், செய்து பார்ப்பார்கள். டீச்சர் பதில் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நோட்ஸ் கிடையவே கிடையாது.

நோட்ஸ் கிடையாது! சாந்தாமணி மிஸ் சயின்ஸ் நோட்ஸ் என்றால் திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரை ஜெராக்ஸ் கடைக்காரனே எடுத்து நீட்டுவான். அதில் என் வகுப்புக்கு நான் அடிக்கோடு போட்டுக் கொடுப்பது பள்ளிப் பரீட்சையில் அப்படியே வரும். இருபத்திரண்டு வருஷமாக வருகிறது. இத்தனை பேர் இருக்க, வாயை மூடச் சொல்வதற்கு என்னைத்தானா பிடிக்க வேண்டும்?

ஒரு நிபந்தனையும் உண்டு. அரையாண்டுத் தேர்வு ஐந்து பிரிவுக்கும் பொதுவான வினாத்தாள். அதில் 'இ' பிரிவின் சயின்ஸ் சராசரி எழுபதுக்குக் கீழே போனால் பரிசோதனை முடிந்தது.

கூட்டம் முடிந்ததும் பிரின்சிபால் கந்தப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், மேடம் புதுசுங்க. ஒரு வருசம் ஆடிப் பாக்கட்டும். ஆனா பத்தாவதுல நமக்கு நூத்துக்கு நூறு வேணுமுங்க. பட்டியல் எப்பவும் போலத்தான்" என்றார்.

பட்டியல் என்றால், ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் சயின்ஸிலோ கணக்கிலோ ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியல். பெற்றோரைக் கூப்பிட்டு, வேறு ஸ்கூல் பாருங்கள் என்று டி.சி.யைக் கொடுத்துவிடுவோம். அப்புறம் பத்தாவதில் யாரும் தோற்க மாட்டார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அதை எழுதும் வேலையும் எனக்குத்தான்.

ஜூலை 4, வியாழன்

வகுப்பா இது, சந்தைக்கடை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவன் தப்பாகச் சொல்கிறான், மற்ற மூவரும் தலையாட்டுகிறார்கள், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். சாக்பீஸ் பிடிக்காத கை துறுதுறுக்கிறது. பீரியட் முடிவதற்குள் வகுப்பை எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "சாந்தா, ஸ்கூல்ல பேச வேண்டியதை எல்லாம் வூட்டுக்குக் கொண்டாந்துட்டியா? கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு" என்கிறார். இந்த மனுஷனுக்கு என்ன, மின்வாரிய ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு வருகிறவர்.

ஜூலை 23, செவ்வாய்

கடைசி பெஞ்சில் இலக்கியா என்று ஒரு பெண். ஆறாவதிலிருந்து இங்கேதான் படிக்கிறாள். மார்க் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஊசலாடும். அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார்.

அழுத்தம் பாடத்துக்கு வந்தோம். இந்தப் பெண் எழுந்து, ரிக் வண்டியில் கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிக்க அடிக்க, உடைந்த பாறைத் தூள் குழிக்குள்ளிருந்து எப்படிப் பீய்ச்சிக்கொண்டு மேலே வருகிறது என்று சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிஷம் சொன்னாள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மானம் போயிற்று.

நேற்று கரும்பலகையில் ஒரு கேள்வி. டம்ளர் விளிம்பு வரை தண்ணீர். அதில் ஒரு ஐஸ்கட்டி மிதக்கிறது. ஐஸ் உருகினால் தண்ணீர் வழியுமா, வழியாதா? இலக்கியாவின் குழு எழுதியது. வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்குப் பொறுக்கவில்லை, விதியை மறந்துவிட்டேன். "இதுல என்ன சண்டை? ஐஸ் உருகுனா தண்ணி. தண்ணி சேர்ந்தா வழியாம எங்க போகும்?" என்றேன்.

"வெச்சுப் பாத்தர்லாங்களா மிஸ்?" என்றாள் இலக்கியா.

இன்று ஃபிளாஸ்கில் ஐஸ் கொண்டுவந்தார்கள். டம்ளருக்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்தார்கள். நாற்பது தலைகள் மேசையைச் சுற்றி. ஐஸ் உருகி முடிந்தது. காகிதத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே கைதட்டல். என்னைக் கிண்டல் பண்ணிக் கைதட்டவில்லை, அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அவர் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "ரோஸ்மில்க் போடறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இருவத்திரண்டு வருசமா பிள்ளைங்களுக்குத் தப்பாவா சொல்லிக் குடுத்துட்டு இருந்தே?"

"இது சிலபஸ்லயே இல்லீங்க" என்றேன். அது உண்மைதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளும் என்று ஆயிரம் தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். ஐஸ்கட்டியும் அதைத்தான் செய்கிறது. உருகினால் தான் தள்ளிய இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது வாயில் இருந்திருக்கிறது, மண்டையில் இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் தோற்றுவிட்டு இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பேனா வந்தது, சாக்லேட் வந்தது. மூன்றாவது பீரியடில் பத்து நிமிஷம் வெளியே போய் வந்தேன். நான் போனதையும் யாரும் கவனிக்கவில்லை, வந்ததையும் கவனிக்கவில்லை. அவர்கள்பாட்டுக்கு வெப்பத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நன்றாக இருந்ததா வருத்தமாக இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

காலாண்டு மார்க் வந்துவிட்டது. மற்ற நான்கு பிரிவும் எண்பதைத் தாண்டி நிற்கின்றன. 'இ' பிரிவு ஐம்பத்தெட்டு. ஐம்பதுக்குக் கீழே பதினோரு பேர். இலக்கியா நாற்பத்து நான்கு.

காலாண்டு கணக்கில் வராது என்று மேடம் சொல்லிவிட்டார். "பசங்களுக்கு எழுத வரல, ஆனா புரிஞ்சிருக்கு. டைம் குடுங்க மிஸ்" என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன, சிரிக்கலாம். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சாந்தாமணி மிஸ் பிரிவு கடைசி! என் சர்வீஸில் இப்படி நடந்ததே இல்லை. டிபனைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

இலக்கியாவின் அம்மா வந்திருந்தார். தறிக்குப் போகிறவர். தலையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, தட்டிவிடக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார்.

"மிஸ், வூட்டுக்கு வந்தா ஒரே கேள்விங்க. குக்கரு ஏன் விசிலடிக்குது, ஈரத்துணி ஏன் சில்லுன்னு இருக்குதுன்னு. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதுட்டு இருந்த புள்ளை இப்ப லீவு வுட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குதுங்க. அதெல்லாம் சந்தோசந்தானுங்க. மார்க்கு இப்பிடி இருக்குதே, டி.சி. குடுத்துருவீங்களா?"

அரையாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னேன்.

"பெரியவ தாரணியும் இங்கதாங்க படிச்சா. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒம்பதாவதுல டி.சி. குடுத்தீங்க. அதோட படிப்பே வேண்டாம்னு உக்காந்துட்டா. இப்ப கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போறாங்க. இவளையும் அனுப்பிட்டீங்கன்னா இவங்கப்பா படிச்சதெல்லாம் போதும்னு நிறுத்திப்போடுவாரு மிஸ். அந்த மனுசன் சொன்னா சொன்னதுதான்."

தாரணி என்ற பெயர் நினைவில்லை என்றேன். எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நினைவிருக்கிறது. பட்டியலில் ஆறாவது பெயர். 'பி' பிரிவு. அந்த வருஷம் நான் 'ஏ' பிரிவுக்குத்தான் எடுத்தேன். அவளுக்கு நான் டீச்சரே இல்லை.

நவம்பர் 25, திங்கள்

இருப்புக்கொள்ளவில்லை. காலையில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் தேடினேன்.

வகுப்பில் ஒலி நடக்கிறது. இரண்டு தீப்பெட்டிக்கு நடுவில் நூலைக் கட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேசுகிறார்கள். நூல் தொய்ந்தால் ஏன் கேட்கவில்லை என்று கரும்பலகை முழுக்கக் கேள்வி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தனும் இரண்டு மார்க் பதிலை இரண்டு மார்க் அளவுக்கு எழுதுவதில்லை. பேசச் சொன்னால் வெளுத்து வாங்குகிறார்கள், எழுதச் சொன்னால் அந்த இங்கிலீஷ் நொண்டுகிறது. எழுபது எப்படி வரும்?

அரையாண்டு சயின்ஸ் வினாத்தாள் இந்தத் தடவையும் நானே எடுக்க வேண்டுமாம். சீனியர் என்பதால்.

நவம்பர் 27, புதன்

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ரேஷன் கார்டு காப்பி எடுக்க.

நவம்பர் 28, வியாழன்

'இ' பிரிவுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். இருபது கேள்வி, பதிலோடு. திருப்புதலுக்குத்தான். எல்லாப் பள்ளியிலும் கொடுப்பதுதான், இது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயமில்லை. வினாத்தாள் எடுப்பதும் நான்தான் என்பது வேறு விஷயம்.

ரேஷன் கார்டு காப்பியும் எடுத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

வகுப்பு அமைதியாகிவிட்டது. நாற்பது பேரும் தாளை மடியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். கரும்பலகையில் ஒரு வாரமாகத் தேதி மட்டும்தான் இருக்கிறது. ஒலி பாடத்தில் பாக்கி நின்ற கேள்வியை ஒரு குழு எடுத்தது. பக்கத்துக் குழு, "அது பரீட்சைக்கு வருமாங்க மிஸ்?" என்று கேட்டது. ஜூனிலிருந்து இந்த வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. மற்ற வகுப்பில் இது தினம் காதில் விழும், ஒன்றும் தோன்றாது. இன்று சுருக்கென்றது.

மணி அடித்த பிறகு இலக்கியா தாளோடு வந்தாள். "எனக்கு மனப்பாடம் நிக்கறதில்லீங்க மிஸ். மூணாவது வரி வர்றதுக்குள்ள அது ஏன் அப்பிடின்னு யோசிக்கத் தோணிருது. யோசிச்சா மொதல் ரெண்டு வரியும் மறந்து போயிருது."

"ஏன்னு கேக்காத. ஒரு வாரம் கேக்காம இரு, கண்ணு. எழுதி முடிச்சுட்டு அப்பறம் கேளு" என்றேன்.

சரிங்க மிஸ் என்று போய்விட்டாள். என் வாயில் நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

சயின்ஸ் பரீட்சை. தலைவலி. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

எங்கள் பள்ளியில் ஒரு பிரிவின் தாளை வேறு பிரிவு டீச்சர்தான் திருத்துவார். 'இ' பிரிவுத் தாள்கள் 'சி' பிரிவு பிரபாவதி மிஸ்ஸிடம் போயிருந்தன. இன்று வந்தன.

சராசரி எண்பத்தாறு. ஐந்து பிரிவிலும் முதலிடம்.

ஐம்பதுக்குக் கீழே ஒரே ஒருத்தி. இலக்கியா, நாற்பத்தேழு.

அவள் தாளை வரி வரியாகப் படித்தேன். முப்பத்தொன்பது பேர் எழுதியது என் வார்த்தை, கமா கூட என் கமா. இவள் எழுதியது இவள் வார்த்தை. அழுத்தம் பற்றிய ஐந்து மார்க் கேள்விக்கு அவள் அப்பாவின் கம்ப்ரசரை வரைந்து, உடைந்த இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். அத்தனையும் சரி. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு மார்க்.

பிரபாவதி மிஸ்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், அவர் விடைக்குறிப்பை எடுத்துக் காட்டினார். "நீங்க குடுத்த கீ தானுங்க மிஸ். இதுல இருக்கற மூணு பாயிண்ட்ல ஒண்ணு கூட அந்தப் புள்ளை எழுதலைங்களே."

ஜனவரி 6, திங்கள்

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் எண்பத்தாறு, எண்பத்தாறு என்கிறார். சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு மொத்தத்துக்கும் பெற்றோர் கூட்டம். எனக்குப் பொன்னாடை. அடுத்த வருஷம் எல்லா வகுப்புக்கும் சுயகற்றல்.

சொல்லிவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். உட்காரவைத்து டீ கொடுத்தார். "உங்களாலதான் மிஸ் இது நடந்துச்சு" என்றார். ஆமாம் மேடம் என்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 8, புதன்

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். மற்ற பிரிவுகளிலிருந்து எட்டுப் பெயர். எட்டும் எழுதிவிட்டேன். ஒன்பதாவது எழுத வரவில்லை. பேனாவை மாற்றிப் பார்த்தேன், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

கடைசியில் கந்தப்பன் சாரிடம் போய் உடைத்துச் சொன்னேன். நான் கொடுத்த தாளிலிருந்துதான் கேள்வி வந்தது, அந்தப் பெண் ஒருத்திதான் படித்துப் புரிந்து எழுதியிருக்கிறாள், அவளை அனுப்புவது பாவம் என்றேன்.

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "உங்க நோட்ஸ்ல இருந்து கேள்வி வர்றது இன்னைக்கு நேத்தா நடக்குதுங்க மிஸ்? பேரை எழுதிக் குடுங்க. சனிக்கிழமை நல்ல சேலையா கட்டீட்டு வாங்க" என்றார்.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பட்டியலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. "இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்குதே சாந்தா" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். பதினான்கு என்றேன்.

ஜனவரி 11, சனி

நல்ல சேலையாகத்தான் கட்டிக்கொண்டு போனேன். ஹால் நிறையப் பெற்றோர். மேடம் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். ஏழு மாதமாக மூடச் சொன்ன வாய்.

"இந்த எண்பத்தாறு பிள்ளைங்க மார்க் இல்லீங்க. என்னோட மார்க்" என்று ஆரம்பித்தேன். வினாத்தாளும் நான் எடுத்தது, பரீட்சைக்கு முன்னால் பதிலோடு கொடுத்ததும் நான். பயத்தில் கொடுத்தேன், என் பேர் கெட்டுவிடும் என்று கொடுத்தேன். பிள்ளைகள் ஐந்து மாதம் தாங்களாகவே படித்துக்கொண்டு வந்ததை நான் இரண்டே வாரத்தில் கெடுத்தேன். சொந்தமாக எழுதியது ஒரே ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்குத்தான் டி.சி. கொடுக்கப் போகிறார்கள். இவ்வளவும் சொன்னேன். பெயர் மட்டும் சொல்லவில்லை. நடுவில் அழுதும் தொலைத்தேன்.

அப்புறம் ஹால் ஹாலாக இல்லை. மற்ற பிரிவுப் பெற்றோர் எழுந்து நின்று கத்தினார்கள். "எங்க புள்ளைங்க என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று ஒருவர் மேடை வரைக்கும் வந்துவிட்டார். கந்தப்பன் சார் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் கையிலிருந்து மேடம் வாங்கினார்.

மேடத்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் தடுமாறாமல் பேசினார். இந்தப் பரீட்சை செல்லாது. மாதக் கடைசியில் ஐந்து பிரிவுக்கும் மறுதேர்வு, வினாத்தாள் வேறு பள்ளியிலிருந்து வரும். யாருக்கும் டி.சி. இல்லை, இந்த வருஷமும் இல்லை, இனிமேலும் இல்லை. கடைசி வார்த்தைக்குச் சில பேர் கை தட்டினார்கள். கந்தப்பன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது மேடம் என்னிடம், "திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம் மிஸ். லெட்டர் வீட்டுக்கு வரும்" என்றார்.

"'இ' பிரிவு?" என்றேன்.

"நடக்கும். நீங்க இல்லாம."

எனக்கு நன்றாக வேண்டும்.

வண்டியை எடுக்கப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. "இலக்கியாவோட அக்காங்க மிஸ். அம்மாவுக்குத் தறி இருக்குது, அதான் நான் வந்தேன்" என்றாள். தாரணி. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நன்றி வாங்கும் நிலையிலா இருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. நீயும் நல்லா இருக்கியாம்மா என்று ஏதோ கேட்டேன்.

"எங்க வருசத்துலயும் கேள்வித்தாள் நீங்கதாங்களா எடுத்தீங்க மிஸ்?" என்றாள்.

வண்டிச் சாவியைப் பையில் தேடினேன்.

"பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தப்ப, உங்க 'ஏ' பிரிவுப் புள்ளைங்க எல்லாம், மிஸ் நோட்ஸ்ல அடிக்கோடு போட்டது பூரா வந்துருச்சுன்னு குதிச்சாங்க. நாங்க 'பி' பிரிவுங்க. நோட்ஸ் கடையில கெடைக்கும், அந்த அடிக்கோடு உங்க புள்ளைங்களுக்கு மட்டுந்தாங்க. எனக்கு நாப்பத்தொம்பதுங்க மிஸ்."

"ஆமா. நான்தான் எடுத்தேன்" என்றேன். "எல்லா வருஷமும் நான்தான் எடுத்தேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லைன்னு இத்தனை வருசமா நெனச்சுட்டு இருந்தேங்க மிஸ்" என்றாள்.

இரண்டு மணி ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனாள்.